பதினோரு பேருக்கு ஒரு மேசை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் மரியபுஷ்பம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலையேறும் சாலையில், முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட மரப்பட்டறை அவருடையது. கதவு, ஜன்னல், பள்ளிக்கூட பெஞ்சு, சர்ச்சுக்கு முழந்தாள் போடும் பலகை, எது கேட்டாலும் செய்து கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரியம்மா.

சீடரின் பெயர் அறவாழி. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியார். அதில் கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். சுத்தியலைப் பிடித்துப் பழக்கமில்லாதவர். வீட்டில் படம் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மனைவி பங்கயம்தான் ஸ்டூலில் ஏறுவார்.

அவர் பட்டறைக்கு வந்த காரணம் இது.

சித்திரை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காக அவரும் பங்கயமும் கோத்தகிரிப் பக்கம் போயிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு, தேயிலைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். பாதி வழியில் அறவாழிக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தார். பிறகு அப்படியே சரிந்தார். போனில் சிக்னல் இல்லை. பங்கயம் போட்ட கூச்சல் மேல்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டது.

பதினோரு பேர் இறங்கி ஓடிவந்தார்கள். மழைக்கும் செடிக் குத்துக்குமாக இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குகளை அவிழ்த்தார்கள். இரண்டு கம்புகளில் முடிந்து தூளிபோல் ஆக்கி, அவரை அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ரோடு அரை மைல் மேலே இருந்தது. செங்குத்தான ஏற்றம். கை வலித்தவர்கள் விட, அடுத்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரோட்டில் வந்த பால் வண்டியை மறித்து ஏற்றிவிட்டார்கள். இன்னும் இருபது நிமிடம் தாமதமாகியிருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பின்னால் பங்கயத்திடம் சொன்னார்.

அறவாழிக்கு நினைவில் நின்றது ஒன்றுதான். முகத்தில் வெயில் விழாமல் ஒரு கை மறைத்துக்கொண்டே வந்தது. அந்தக் கையில் பச்சைக் கொழுந்து வாசம்.

நடமாட முடிந்ததும் இருவரும் புடவைகளும் இனிப்பும் வாங்கிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார்கள். பெண்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பங்கயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று நடந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வாத்தியாரய்யா பார்க்க ஒல்லி, தூக்கினால்தான் கனம் தெரிகிறது என்று சிரித்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது. அன்று காலையில் மழை பெய்திருந்தது. ஈர மண்ணில் கோணியை விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அரை மணி நேரத்தில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அறவாழி, அவர்களுக்கு ஒரு மேசை செய்து தரப்போகிறேன் என்றார். கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றார் பங்கயம். இல்லை, என் கையால் செய்ய வேண்டும் என்றார்.

மறுவாரம் மரியபுஷ்பத்தின் பட்டறையில் போய் நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னார். மரியபுஷ்பம் ஓர் அலமாரிக் கதவுக்கு இழைப்புளி போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் விசாரித்தார். கனம் தூக்கக் கூடாது, மற்றபடி கைவேலை செய்யலாம் என்றார் அறவாழி. அப்படியென்றால் நாளையிலிருந்து வாருங்கள் என்றார் மரியபுஷ்பம்.

அறவாழி கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். மேசைக்கு ஏற்ற மரங்கள் என்று தலைப்பிட்டு, கேட்டது, படித்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைத்திருந்தார். அதைப் பிரித்துக்கொண்டு கேட்டார்.

"எந்த மரம் எடுக்கலாம் மேஸ்திரியம்மா?"

"அவங்க மத்தியானம் என்ன சாப்பிடுறாங்க சார்?"

அறவாழிக்குத் தெரியவில்லை. அன்று பக்கத்திலேயே நின்றிருந்தும் பார்க்கத் தோன்றவில்லை.

"போய் ஒரு நாள் அவங்களோட சாப்பிட்டுட்டு வாங்க."

நோட்டை மூடிக்கொண்டு போனார்.

தோட்டத்தில் அவருக்கென்று தனியாக ஒரு கோணி விரித்தார்கள். பதினோரு டப்பாக்களிலிருந்தும் ஆளுக்கொரு கரண்டி அவர் தட்டுக்கு வந்தது. கருவாட்டுக் குழம்பு, மொச்சைப் பொரியல், கோதுமை ரொட்டி, நார்த்தங்காய் ஊறுகாய். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்த டாக்டரை அன்று ஒரு நாள் மறந்தார். எறும்பு ஏறாமல் தட்டை எப்படிப் பிடிப்பது என்று கௌரிமணி என்ற பெண் காட்டிக்கொடுத்தார். எல்லோரிலும் மூத்தவரான பொன்னுருவி மட்டும் நின்றபடி சாப்பிட்டார். முழங்கால் மடங்காது, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும் என்றார்.

அன்று முகத்துக்கு வெயில் மறைத்த கை யாருடையது என்று அறவாழி கேட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாத்தி மாத்தித்தானுங்கய்யா வந்தோம்," என்றார் பொன்னுருவி. "யாருன்னு சொல்றது?"

அறவாழி பட்டறைக்குத் திரும்பி, பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். இந்த முறை மரியபுஷ்பம் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

பிறகு அறவாழி ஒரு படத்தைக் காட்டினார். வெளிநாட்டுப் பூங்காக்களில் இருக்கும் மேசை. மேசையோடு இரண்டு பக்கமும் பெஞ்சு சேர்த்துப் பிணைத்திருக்கும். எல்லாம் ஒரே சட்டம். ஆடாது, யாரும் பெஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. இணையத்தில் பார்த்து, அளவுகள் போட்டு அவரே வரைந்தது.

மரியபுஷ்பம் படத்தைப் பார்த்தார். அன்று மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த பங்கயத்தை அழைத்தார். படத்தில் இருந்த அளவிலேயே முழங்கால் உயரத்தில் ஒரு சட்டமும், அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சாக ஒரு பலகையும் வைத்து, கொஞ்சம் உள்ளே போய் உட்காருங்கள் அம்மா என்றார்.

பங்கயம் ஒரு காலைத் தூக்கினார். புடவை தடுத்தது. கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து மறுபடி தூக்கினார். சட்டத்தின் மேல் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாகச் சிறிது நேரம் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே காலை எடுத்துவிட்டு, இது பேன்ட் போட்டவங்களுக்குச் சரிப்படும் என்றார்.

அறவாழி படத்தை வாங்கி, பெஞ்சுகளைப் பிணைத்திருந்த கோடுகளை ரப்பரால் அழித்தார். பெஞ்சுகள் தனியாக நின்றன. ஒன்றை மற்றதைவிட நான்கு விரல் உயரமாகப் போட்டார். அது மடங்காத முழங்காலுக்கு.

மரப் பேச்சு மறுபடி வந்தது. அறவாழிக்கு வேங்கை மேல் ஆசை. இரும்பு மாதிரி இருக்கும், கரையான் அண்டாது என்று கேள்விப்பட்டிருந்தார். மரியபுஷ்பம் மூலையில் கிடந்த வேங்கைத் துண்டிலிருந்து நான்கைந்து சீவல்களை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் டம்ளரை எடுத்துக்கொடுத்தார். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில், வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரத்தில் நீலம் தெரிய நின்றது.

"மழையில நனைஞ்சா இது ஓடும் சார்."

ஈரப் படங்கோடு வந்து உட்காரும் பெண்களை அறவாழி நினைத்துப் பார்த்தார். வெளுத்த புடவைகளையும் வெள்ளைச் சோற்றையும் நினைத்துப் பார்த்தார். நோட்டில் வேங்கையை அடித்தார்.

மலையில் எங்கு பார்த்தாலும் நிழலுக்கு நிற்கிறதே, சில்வர் ஓக் ஆகுமா என்று கேட்டார். நாற்காலிக்கு ஆகும், மழையில் கிடந்தால் நான்கு வருடத்தில் உளுத்துவிடும் என்றார் மரியபுஷ்பம். அதையும் அடித்தார்.

மிச்சம் இருந்தது தேக்கு. அறவாழிக்கு முதலிலிருந்தே மனதில் இருந்ததும் அதுதான். தன் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மரத்தில் உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். கோயம்புத்தூரில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது எடுத்த தேக்குப் பலகைகள் கிடைத்தன. ஒன்றை மட்டும் முதலில் இழைத்து, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் ஏற்றினார். மரியபுஷ்பமே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். ஆறு பூச்சு ஏறியதும் பலகையில் முகம் தெரிந்தது. தன் கையால் அப்படி ஒன்று வருமென்று அறவாழி நம்பியதில்லை. குழந்தையைத் தடவுவதுபோல் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுவே போதுமா மேஸ்திரியம்மா?"

"கொண்டுபோய்க் காட்டுங்க."

அறவாழியும் பங்கயமும் பலகையைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்கள். சாப்பிடும் இடத்தில் இரண்டு கற்களின் மேல் வைத்தார்கள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கௌரிமணி குனிந்து தன் பொட்டைச் சரிசெய்துகொண்டார். பொன்னுருவி கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அய்யா வீட்டுக் கல்யாணத்துக்கா என்று கேட்டார். உங்களுக்குத்தான், நீங்கள் சாப்பிட மேசை செய்ய இந்த மரம்தான் என்றார் அறவாழி. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அது நிஜமான சந்தோஷம்தான், அவருக்கே தெரிந்தது.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். பதினோரு டப்பாக்களும் பலகையைச் சுற்றி மண்ணில் இருந்தன.

மேலே வைத்துச் சாப்பிடுங்கள் என்று அறவாழி சொன்னார். கௌரிமணி ஒரு செய்தித்தாளைத் தேடியெடுத்துப் பலகையில் விரித்து, டப்பாவை அதன்மேல் வைத்தார். ஒரு சொட்டுக் குழம்பும் சிந்திவிடக் கூடாதென்று கழுத்தை நீட்டி, குனிந்து, பயந்து பயந்து சாப்பிட்டார். பாதியில் டப்பாவை மடிக்கே எடுத்துக்கொண்டார்.

அறவாழி பலகையைத் திரும்பப் போர்வையில் சுற்றினார்.

மறுநாள் பட்டறைக்கு வந்தவர், பலகையை மூலையில் சாத்திவைத்துவிட்டு வெகுநேரம் உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று மரியபுஷ்பம் கேட்டார்.

"பேப்பர் விரிச்சுச் சாப்பிட்டாங்க."

மரியபுஷ்பம் தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தேக்கு நல்ல மரம்தான் சார் என்றார்.

அறவாழி அதன்பின் எந்த மரம் என்று அவரிடம் கேட்கவில்லை. இன்னும் இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்வந்தார். பெண்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பின்னால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பலா நின்றது. கிளைகளில் துணி காயப்போட்டிருந்தார்கள். அடியில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். காய்ந்த கிளையை வெட்டிக் கோழிக் கூண்டுக்கு வாசக்கால் ஆக்கியிருந்தார்கள். அந்த வாசக்கால் எத்தனை வருடமாக மழையில் நிற்கிறது என்று விசாரித்தார். கௌரிமணி வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நிற்கிறதாம். அவருடைய மகளுக்கே கல்யாணமாகிவிட்டது.

காரமடைப் பக்கம் காற்றில் விழுந்த ஒரு பலாவை அறுத்துக் காயவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு மர வாடிக்குப் போனார். மஞ்சள் பலகைகள். தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கோடு பிடித்து ஒவ்வொன்றின் வளைவையும் பார்த்தார். பட்டறையில் இறக்கியபோது மரியபுஷ்பம் ஒரு பலகையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார். அறவாழி அன்று வீட்டுக்குப் போய் அதைப் பங்கயத்திடம் மூன்று முறை சொன்னார்.

வேலை ஐந்து மாதம் நடந்தது. வியாதிக்குப் பிறகு அவருடைய வலது கையில் லேசான நடுக்கம் இருந்தது. ரம்பம் கோட்டிலிருந்து நழுவும். முதல் காலில் அடித்த துளை அகலமாகிப்போய், பொருத்தினால் கடகடவென்று ஆடியது. ஆப்பு வைத்து இறுக்கிவிடலாமா என்று கேட்டார். மரியபுஷ்பம் ஒரு புதுக் கட்டையை எடுத்துக் கொடுத்தார். நான்கு கால்களுக்கு ஏழு கட்டைகள் ஆயின. ஐந்தாவது கட்டைக்கு மேல், மூச்சை விடும்போது ரம்பத்தைத் தள்ள வேண்டும் என்று கை தானாகவே கற்றுக்கொண்டது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகளிடம், ஒரு தரம் சொன்னால் புரியாதா என்று கேட்டிருப்பேன் என்று ஒருநாள் பங்கயத்திடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

மேல்பலகைகளைச் சேர்த்து முடித்த அன்று மரியபுஷ்பம் ஒரு வேலையாக ஊட்டிக்குப் போயிருந்தார். இரண்டு நாள் அறவாழி தனியாக இருந்தார். மேசையின் நடுவில், தலைமையாசிரியருக்கே உரிய அழகான கையெழுத்தில் பென்சிலால் எழுதி, சிறு உளியால் அரைக்கால் அங்குலம், அதாவது ஒரு நூல் ஆழத்துக்குச் செதுக்கினார். நன்றியுடன், கோ. அறவாழி. கைநடுக்கத்தோடு செதுக்கியும் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. தன் வேலையிலேயே அதுதான் சிறந்தது என்று அவருக்குப் பட்டது.

மரியபுஷ்பம் வந்து பார்த்தார். எழுத்து ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு தன் சாப்பாட்டுக் கூடையிலிருந்து மோரை எடுத்து அரை டம்ளர் மேசைமேல் ஊற்றி, துணியால் துடைத்தார். மேசை காய்ந்தது. எழுத்துக்களில் மட்டும் மோர் வெள்ளையாக நின்றது. நன்றி என்ற சொல் முழுவதும் மோர். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

"இது சாப்பிடுற இடம் சார்," என்றார்.

அறவாழி கழுவினார். குச்சியை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டினார். றகரத்தின் வளைவுக்குள் போனது வரவே இல்லை. மறுநாள் காலையில் இழைப்புளியை எடுத்தார். ஓர் எழுத்தை மட்டும் இழைக்க முடியாது, அந்த இடம் பள்ளமாகிவிடும். மேசை முழுவதையும் ஒரு நூல் இறக்க வேண்டும். மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் பெயர் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் மிச்சமும் போனது. மேசையின் அடிப்பக்கமாவது செதுக்கிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

பூச்சுக்கு வந்தார்கள். கடைகளில் விதவிதமாக வார்னிஷ் இருக்கிறதே என்றார் அறவாழி. மரியபுஷ்பம் அவரைப் பட்டறைக்கு வெளியே அழைத்துப் போனார். மழை அடிக்கும் பக்கச் சுவரில் இரண்டு பலகைகளை ஆணியடித்து விட்டிருந்தார். இரண்டும் மூன்று மழைக்காலம் கண்டவை. ஒன்று வார்னிஷ் அடித்தது. வெயிலில் வெடித்து, வெடிப்பில் தண்ணீர் இறங்கி, தோல் உரிந்ததுபோல் மேல்பூச்சு தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் மரம் கறுத்திருந்தது. மற்றது ஆளிவிதை எண்ணெய் விட்டது. நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கையால் தடவினால் மரம் மரமாகவே இருந்தது.

எண்ணெயைத் துணியில் தோய்த்துத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டு மறுபடி. நான்கு முறை. துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது, அதுவே சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும், விரித்துக் காயப்போட வேண்டும் என்று மரியபுஷ்பம் சொன்னார். முதல் பூச்சிலேயே மஞ்சள் பலகைகள் தேன் நிறத்துக்கு மாறின. கால்களின் அடி வெட்டு எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. மரமே போதும் என்று சொல்லும்வரை அறவாழி ஊட்டினார்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, தோட்டத்து ஃபீல்டு ஆபீசரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தபடி, மேசையைப் பிரித்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். ரோட்டிலிருந்து கீழே சாப்பிடும் இடம்வரை பெண்களே தூக்கிவந்தார்கள். மேல்பலகையை நான்கு பேர், பெஞ்சுகளை இரண்டிரண்டு பேர். டாக்டர் சொன்னதற்குக் கட்டுப்பட்டு அறவாழி வெறுங்கையோடு பின்னால் நடந்தார். கனமாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். உங்களைவிடக் குறைவுதான் என்று முன்னாலிருந்து பதில் வந்தது.

மரியபுஷ்பம் மேசையைப் பொருத்தி, நான்கு தட்டைக் கற்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைத்து, சரிவுக்கு ஏற்ப மட்டம் பார்த்தார். மேசை ஆடாமல் நின்றது.

பொன்னுருவி உயரமான பெஞ்சில் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். காலை நீட்டினார். பிறகு தன் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். அடுத்தடுத்துப் பதினோரு டப்பாக்களும் மேலே வந்தன. குழம்பு சிந்தியது. யாரோ கையால் வழித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். பங்கயத்தை நடுவில் உட்காரவைத்துக் கருவாட்டின் முள்ளை எடுத்துக் கொடுத்தார்கள். லைன் வீட்டிலிருந்து தேநீர் வந்தது. கௌரிமணி கொதிக்கும் கேத்தலை வாங்கி, பேச்சுவாக்கில், மேசைமேல் அப்படியே வைத்தார்.

எடுத்தபோது அடியில் ஒரு கரிய வட்டம் இருந்தது.

கௌரிமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐயோ புது மேசையாச்சே என்று முந்தானையால் தேய்க்கப் போனார். அறவாழி அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும்மா. இருக்கட்டும்," என்றார். கௌரிமணி ஒரு டம்ளர் தேநீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அவர் அதைக் குடித்தார்.

அரை மணி நேரம் முடிந்து பெண்கள் எழுந்து போனார்கள். மேலே சரிவில் அவர்கள் குரல் வெகுநேரம் கேட்டது.

ரோட்டை நோக்கி மூவரும் ஏறினார்கள். அறவாழி நின்று நின்றுதான் ஏற வேண்டும். இரண்டாவது முறை நின்றபோது, அந்தக் கரி வட்டம் போகுமா என்று மரியபுஷ்பத்திடம் கேட்டார். அடுத்த பங்குனியில் லேசாக உப்புத்தாள் போட்டு எண்ணெய் விட்டால் போய்விடும் என்றார் மரியபுஷ்பம்.

"அடுத்த பங்குனியிலயா?"

"வருஷா வருஷம் விடணும் சார், மழைக்கு முன்னாடி. இல்லேன்னா மரம் வறண்டுடும்."

அறவாழி மூச்சு வாங்கியபடி யோசித்தார். ஐந்து மாதம் உடன் இருந்தும் இதை அவர் சொல்லவில்லையே என்று தோன்றியது. தனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, இந்த ஏற்றத்தில் ஒவ்வொரு வருடமும் எண்ணெய் டின்னோடு இறங்கி ஏற வேண்டுமே என்று கணக்குப் போட்டார்.

"ஒரு தரம் அடிச்சா பத்து வருஷம் தாங்குற பூச்சே கிடையாதா மேஸ்திரியம்மா?"

"இருக்கு சார். படகுக்கு அடிக்கிறாங்க."

"அப்ப அதை ஏன் எனக்குச் சொல்லல?"

மரியபுஷ்பம் அவர் தோளில் நழுவியிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பத்து வருஷம் இவங்களைப் பார்க்க வராம, அப்படி என்ன வேலை சார் உங்களுக்கு?"